பீடோங்கில் புழுங்கல் அரிசி வாங்க நல்ல கடை

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் கடைத்தெருவில், பழைய பலகைக் கடை வரிசையின் கடைசியில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. மற்ற சாமான்களும் அங்கே கிடைக்கும். ஆனால் பத்து வருடமாக நான் அங்கே போவது புழுங்கல் அரிசிக்கும் நொய்க்கும்தான்.

நான் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது தாதி. 2015 மே மாதம் லங்காவிக் கரையில் கடத்தல்காரர்களின் படகுகளிலிருந்து மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளுமாக 1,000-க்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்களே, அந்த வருடம்தான் அகதிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் இந்த வேலைக்குள் வந்தேன். கடத்தல்காரர்களின் தாய்லாந்துக் காட்டு முகாமில் மாதக்கணக்கில் அடைபட்டுத் தப்பி வந்த ஒரு பையனைப் பார்க்க அவன் சொந்தக்காரர்கள் என்னை அழைத்துப் போனார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். கணுக்காலில் விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. பாதத்தைத் தொட்டால் தெரியவில்லை என்றான். படகிலும் முகாமிலும் ஒரு பிடி வெள்ளைச் சோறுதான் சாப்பாடாம். வைட்டமின் பி1 குறைந்தால் வரும் பெரிபெரி நோய் என்று எனக்குப் பட்டது. மருத்துவரும் அதையே சொல்லி பி1 ஊசி போட்டார். அப்புறம் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். "நம்ம ஆளுங்களக் காப்பாத்தினது புழுங்கல்தாம்மா" என்பார். 1905-இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும், மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களில் பலர் பெரிபெரியில் விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல்காரர்கள் தப்பினார்கள். நெல்லை உமியோடு வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் ஒரு பெரிய கடையில் மலிவாக வாங்கி ஏமாந்தேன். மூட்டைக்குள் பாதி வேறு அரிசி. இந்தக் கடைத் தம்பியோ மூட்டையைப் பிரித்து ஒரு பிடியைத் தட்டில் பரப்பி, ஒரு மணியைப் பல்லில் கடித்துக் காட்டினார். மங்கலான மஞ்சள், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிந்தது. "அக்கா, இது ஊறணும், அவசரப்படாதீங்க" என்றார். நொய்யைத் தனியே சலித்துக் கொடுப்பார், கல் இருக்காது. அந்த நொய்யோடு பாசிப்பருப்பும் இரண்டு பல் பூண்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, முதல் வாரம் அரைக் கிண்ணமாகத்தான் கொடுத்தோம். காய்ந்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ஆபத்து. வாசனை பிடிக்கவில்லை என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பையன், ஒரு சம்பல் கருவாடு வைத்ததும் சாப்பிட்டான்.

இப்போது சனிக்கிழமைகளில் சமைப்பது பிள்ளைகளுக்கு. அகதிப் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது, ஆகவே கடைவீட்டு மாடியில் வகுப்பு நடக்கிறது. முப்பது பேர் சாப்பிடுவார்கள். தம்பி மூட்டையைத் தன் மோட்டாரிலேயே கொண்டுவந்து மாடிப்படியில் ஏற்றிவிடுவார். அதற்குக் காசு கேட்டதில்லை. சூப்பர்மார்க்கெட்டைவிட விலை ஒன்றிரண்டு வெள்ளி கூடுதல்தான். எனக்கு அது பரவாயில்லை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நெத்திலிக் கூடையை அரிசிக்குப் பக்கத்தில் வைக்கிறார். மூட்டையில் கருவாட்டு வாடை ஏறிவிடுகிறது. இரண்டு முறை சொன்னேன், நகர்த்துகிறார், மறு வாரம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அரிசி லோரி வரும். கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, பஸ் நிலையப் பக்கம் நிறுத்திவிட்டு நடங்கள். நொய் வேண்டுமென்றால் வியாழக்கிழமையே சொல்லிவையுங்கள். நாங்கள்தான் மொத்தமாக எடுத்துவிடுகிறோம்.