பைக் வயரிங்கை வெட்டாமல் காரில் பூட்டினோம்: நீண்டகால அனுபவம்

புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் காணியில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கட்டிய சின்னக் கார் இது. பின்பக்கம் ஹோண்டா சிபிஆர்250ஆர் எஞ்சின். பதிவு இல்லை, அதனால் றோட்டுக்கு வராது, காணிக்குள் மட்டும்தான். மாரியும் கோடையும் ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டதால் இப்போது துணிந்து எழுதுகிறேன்: இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் எஞ்சினோடு அந்தப் பைக்கின் வயரிங்கையும் முழுதாக வாங்குங்கள், தேவையில்லை என்று ஒரு வயரையும் வெட்டி எறியாதீர்கள்.

காபரேட்டர் எஞ்சின் என்றால் சிடிஐ (பிளக் பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி), கொயில், சில வயர், அவ்வளவுதான். இது இன்ஜெக்ஷன், பெற்றோலை அளந்து விடுவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. நியூட்ரலா, கிளச் பிடித்திருக்கிறதா, சைட் ஸ்டாண்ட் மடிந்திருக்கிறதா, வண்டி சாயாமல் நிற்கிறதா என்று எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்தால்தான் ஓடும். காரில் ஸ்டாண்ட் ஏது? அந்தச் சுவிச்சையே மடிந்த நிலையில் சட்டத்தோடு பூட்டிவிட்டோம். கிளச் பெடலுக்கு ஒரு பிரேக் லைற் சுவிச், மிதிக்கும்போது இணைகிற வகை, பைக்கின் லீவர் சுவிச்சும் அப்படித்தான் என்பதால் அப்படியே பொருந்தியது. சாய்வு சென்சாரை மட்டும் யாரும் ஏமாற்ற வேண்டாம். பைக்கில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வர, அதன் ரப்பரோடு பூட்டுங்கள். வாய்க்கால் கரையில் வண்டி புரண்டால் பெற்றோல் பம்பை நிறுத்தப்போவது அதுதான், அந்த நேரம் உள்ளே இருக்கப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பழுதின் எண்ணை மின்னிக் காட்டும் எஞ்சின் லைற்றையும் கண்ணுக்கு முன்னால் வையுங்கள். நீளமாக மின்னினால் 10, குறுகலாக மின்னினால் 1 என்று எண்ண வேண்டும். 7 என்றால் தண்ணீர்ச் சூட்டு சென்சார், 8 த்ரொட்டில் சென்சார், 54 சாய்வு சென்சார். ஒரு கார்த்திகை மழையில் 7 மின்னியது. சென்சாரில் பழுது இல்லை, கனெக்டருக்குள் செம்மண் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருந்தது. துடைத்து கிரீஸ் வைத்ததோடு சரியாகிவிட்டது. அந்த லைற் இல்லையென்றால் எதை எதையோ கழற்றியிருப்போம்.

ஏர்த் (கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் வழி) விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது, சட்டம் முழுக்கப் பெயின்ற். எஞ்சினிலிருந்து பற்றரி நெகற்றிவுக்குத் தடித்த வயர் ஒன்று, சட்டத்துக்கு இன்னொன்று, பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டிவிட்டு. பற்றரி முன்னுக்கு, எஞ்சின் பின்னுக்கு என்றால் ஸ்டாட்டர் கேபிளும் தடிப்பாக வேண்டும்.

பெரிய தலையிடி சார்ஜிங்தான். 90களின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள், சுற்று குறைந்தால் சத்தமும் குறையும் என்பது இங்கே பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பைக் எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரும் அதே கதைதான், ஐட்லில் பெரிதாக ஒன்றும் தராது. கார் ஹெட்லைற்றுக்கு எச்4 பல்ப் இரண்டு போட்டால் லோ பீமிலேயே 110 வாற்ஸ், அதோடு ரேடியேட்டர் ஃபேனும் சுற்றத் தொடங்கினால் பற்றரி மீற்றர் 12.6 வோல்ற்றுக்கு இறங்கிவிடும். எல்இடிக்கு மாற்றிய பிறகுதான் ஓடும்போது 14க்கு மேல் நிற்கிறது. சார்ஜை மட்டுப்படுத்தும் றெகுலேட்டர் மிச்சக் கரண்டைச் சூடாகத்தான் வெளியேற்றும், ஆகவே அதை மூடிய பெட்டிக்குள் வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் அலுமினியத் தகட்டோடு பூட்டுங்கள்.

எலி வயரைக் கடிக்கும், மாரியில் இன்னும் மோசம். முழு வயரிங்கும் இப்போது பிளாஸ்ரிக் குழாய்க்குள்.

இன்னும் திருப்தி இல்லாதது இரண்டு. ரிவேர்ஸ் கியர் இல்லை, இறங்கித் தள்ள வேண்டும். சோளகக் காற்று நாட்களில் புழுதி ரேடியேட்டரை அடைத்துவிடுவதால் ஃபேன் ஓயாமல் ஓடி, சேமித்த கரண்டைத் தின்கிறது. ரேடியேட்டரை முன்னுக்குக் கொண்டுபோகக் குழாய் தேடிக்கொண்டிருக்கிறேன், யாராவது செய்திருந்தால் எந்த அளவுக் குழாய் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.