ஸ்ரீராமபுரத்துச் சந்தில் ஆறு வருஷ இன்டர்நெட்

இணைப்பு வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்பட்ட விமர்சனங்களை நம்பி இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறேன். அதனால் என் அனுபவத்தை ஆறு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு சந்து. அதில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சின்னக் கடைக்காரர்களுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. என் தங்கை ராஜாஜிநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். எங்கள் ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன், அவ்வளவுதான் தூரம். ஆனால் அவள் வீட்டு நெட்டும் என் வீட்டு நெட்டும் வேறு வேறு ஊர் போல இருந்தன. மாதக் கட்டணம் கட்ட முடியாமல் இல்லை, கட்டத் தயாராகவே இருந்தோம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வாசல் வரைக்குமான கடைசி ஐம்பது மீட்டரில்தான் எல்லாம் நின்றுபோனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்களிடம் இருந்தது நாளுக்கு 1.5 ஜிபி போன் டேட்டா. மகள் அப்போது எட்டாம் வகுப்பு. காலையில் இரண்டு வீடியோ வகுப்பு முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும், அதற்கப்புறம் என் வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது. சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தாள். கீழ்வீட்டுப் பையனுக்கு அந்த வசதியும் இல்லை. அவன் அப்பா போனோடு வேலைக்குப் போய்விடுவார். இரவில் என் மகளின் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வான். அந்த வருஷம் அவனுக்குக் கணக்கில் விழுந்த ஓட்டை பத்தாம் வகுப்பு வரை அடைபடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மாதம் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் என்று விளம்பரம் வந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. உடனே போன் போட்டேன். "உங்க ஏரியாவில இருக்கு மேடம், உங்க சந்துல இல்லை" என்றார்கள். அடுத்த எட்டு மாதத்தில் நான்கு முறை கேட்டேன், நான்கு முறையும் அதே பதில்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. மெயின் ரோடு வரை ஃபைபர், அதாவது ஒளி வழியாக நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பி, வந்திருக்கும். அங்கிருந்து ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டி வைத்து, ஒரே இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியை மாட்ட ஒரு சுவரும், கம்பி இழுக்க வழியும் வேண்டும். அடுக்குமாடியில் சங்கத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நாற்பது வீடு கிடைக்கும். எங்கள் சந்தில் சுவருக்கு ஒரு ஓனர், அதில் பாதிப் பேர் இங்கே குடியிருப்பதில்லை. இது போதாதென்று முகவரிச் சான்று வேறு. என் ஆதாரில் இன்னும் திருப்பத்தூர் முகவரிதான். வாடகை ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் ஓனருக்கு முகம் மாறுகிறது.

2021 பிப்ரவரியில் எங்கள் பகுதி கேபிள்காரரிடம் இணைப்பு எடுத்தேன். இணைப்புக்கு 2,500, மாதம் 500, வேகம் 40 எம்பிபிஎஸ் என்று வாய்ச்சொல். பில் கிடையாது. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எந்தப் பெரிய கம்பெனியும் எட்டிப் பார்க்காத சந்துக்குள் கம்பி இழுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் ஏணியோடு வருவார். ஆனால் கம்பி வந்த வழி அப்படி. மரக்கிளை, மின்கம்பம், துணி காயப்போடும் கொக்கி, கடைசியில் எங்கள் ஜன்னல் கம்பியைச் சுற்றி ஒரு மடிப்பு. யாராவது கிளை வெட்டினால் நெட் போகும், உயரமான லாரி வந்தால் போகும். ரூட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தால் என் வயிறு கலங்கும். நெட் போன நாளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். 2022-இல் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் 37. அதில் ஒன்று ஒரு மாதத்து 20-ஆம் தேதி, ரிட்டர்ன் போடக் கடைசி நாள். இணைப்பு வர இரண்டு நாள் ஆனது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் மூன்று வாடிக்கையாளர்களின் தாமதக் கட்டணத்தை நானே கட்டினேன். போன பணம் போகட்டும், அதில் ஒருவர் அடுத்த மாதம் வேறு ஆளிடம் போய்விட்டார்.

அந்த முறை கேபிள்காரர் பழுது பார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பு உறையை உரித்தால் உள்ளே தலைமுடி அளவுக்கு ஒரு கண்ணாடி இழை. ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு நுனிகளையும் ஒரு சின்ன மெஷினில் வைத்தார். திரையில் இரண்டு கோடுகள் மெல்ல நெருங்கின. ஒரு பொறி, அப்புறம் ஒரே கோடு. வந்து சேரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் முதலில் மைனஸ் 27 காட்டியது. பூஜ்யத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக ஒளி பலவீனம் என்று அர்த்தம். "இது விளிம்பில நிக்குதுக்கா" என்றவர், ஜன்னல் கம்பியில் இருந்த மடிப்பை அவிழ்த்து அகலமான வளையமாக விட்டார். மைனஸ் 20 வந்தது. கம்பி இறுக்கமாக மடிந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடுமாம். இணைப்பு கொடுக்க வரும் எவரிடமும் இந்த அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேகப் பரிசோதனையைவிட இது நேர்மையாகப் பேசும்.

தங்கை வீட்டில் அதே காலத்தில் மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டன. 100 எம்பிபிஎஸ், வரியோடு 825 ரூபாய், இணைப்புக் கட்டணம் இல்லை, முறையான பில். நான் கேபிளுக்கு 500-ம், அது போகும் நாட்களுக்காகப் போன் டேட்டாவுக்கு 300-க்கு மேலும் கட்டினேன். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அவள் கட்டும் தொகையே வரும். எனக்குக் கிடைத்ததோ மாலையில் 8, 9 எம்பிபிஎஸ், அப்லோடு 2. அரசாங்கக் கணக்கில் இதுவும் பிராட்பேண்ட்தான். 512 கேபிபிஎஸ் (சுமார் அரை எம்பிபிஎஸ்) என்று இருந்த குறைந்தபட்ச அளவை 2023-இல்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள்.

2024-இல் 5ஜி ஏர்ஃபைபர் எடுத்தேன். கம்பி இல்லாமல் போன் டவர் சிக்னலில் வரும் வீட்டு இணைப்பு அது. வரியோடு 707. கம்பித் தொல்லை ஒழிந்தது, அது பெரிய நிம்மதி. மாதம் 1,000 ஜிபி எங்களுக்குத் தாராளம். ஆனால் அதன் கருவியை மொட்டை மாடியில் டவரைப் பார்த்து மாட்ட வேண்டும். எனக்கு மாடி இருந்தது. கீழ்வீட்டுக்கு ஓனர் மாடிச் சாவியைத் தரவில்லை. இரவு எட்டிலிருந்து பத்து வரை வேகம் பாதிக்கு இறங்கியது. மற்ற நேரத்தில் குறையில்லை. ரூட்டருக்கும் மாடிக் கருவிக்கும் ஏற்ற மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் நெட் நிற்காது.

கேரளத்தில் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இன்டர்நெட் சேவையைத் தொடங்கினார்கள். மின்வாரியக் கம்பங்கள் வழியாக ஃபைபர் இழுத்து, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது திட்டம். கம்பம் எங்கள் சந்திலும் இருக்கிறது. அதில் முறைப்படி ஒரு கம்பி இழுக்க யாராவது பொறுப்பெடுத்தால் போதும் என்று அதைக் கடக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

போன வருஷம் நாங்களே இறங்கினோம். பதினோரு வீட்டு விண்ணப்பங்களைச் சேர்த்து, முனை வீட்டு ஓனரிடம் பெட்டி மாட்டச் சம்மதக் கடிதம் வாங்கி, ஒரே கட்டாக ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் பெட்டி வந்தது. என் வீட்டில் இப்போது மைனஸ் 19, வேகம் 100. கீழ்வீட்டுப் பையன் பி.யு.சி. இரண்டாம் வருஷம் (பன்னிரண்டாம் வகுப்பு), இரவு பத்து மணிக்கும் வீடியோ நிற்காமல் ஓடுகிறது.

சாக்கடைக்கு அந்தப் பக்கம் பின்சந்தில் இன்னும் ஏழு வீடு பாக்கி. பெட்டியிலிருந்து அங்கே கம்பி போக நடுவில் ஒரு சுவரைத் தாண்ட வேண்டும். அந்த ஓனர் ஓசூரில் இருக்கிறார். விண்ணப்பங்கள் ஏழும் என் மேஜையில் தயாராக இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பஸ் ஏறிப் போய் அவர் கையெழுத்தை வாங்கி வரப் போகிறோம்.