டேபி விண்மீனுக்காக வாங்கிய எட்டு அங்குல டெலஸ்கோப்: ஓராண்டுக்குப் பிறகு

சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த, அடித்தளத்தில் நிறுத்திக் கையால் திருப்பும் டாப்சோனியன் வகை டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். அனுப்பும் செலவோடு அறுபதாயிரத்தைத் தொட்டது. சனியின் வளையத்தையும் நிலாவின் பள்ளங்களையும் பார்க்க இதில் பாதி விலைக் கருவியே போதும். எனக்கு ஒரே ஒரு விண்மீனை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. அது சின்னக் கருவியில் அகப்படாது.

பட்டியலில் அதன் பெயர் கேஐசி 8462852. அதைப் பற்றிய முதல் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டபெத்தா பொயாஜியனின் பெயரால் டேபி விண்மீன் என்பார்கள். தூரம் ஏறக்குறைய 1,470 ஒளியாண்டு. கெப்ளர் விண்கலம் நான்கு வருடம் அதன் ஒளியை அளந்துகொண்டே இருந்தது. 2011-இல் ஒருமுறை 15 சதவீதம் மங்கியது. 2013-இல் சுமார் 22 சதவீதம். சூரியன் மாதிரி ஒரு விண்மீனின் முன்னால் வியாழன் அளவுள்ள கோள் கடந்தால்கூட ஒரு சதவீதம்தான் குறையும். அப்படியானால் இங்கே மறைத்தது எது? 2015-இல் சில வானியலாளர்கள் ஒரு வாய்ப்பை வெளிப்படையாகவே சொன்னார்கள்: யாரோ தங்கள் சூரியனைச் சுற்றி மின்சாரத்துக்காகத் தட்டுகள் கட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் திருப்பத்தூரில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டுகிறவன். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் அது என் தலையை விட்டுப் போகவில்லை.

முதலில் கருவியைப் பற்றி. பெட்டி வந்தபோது பிரதான கண்ணாடியின் திருகுகள் பயணத்தில் தளர்ந்திருந்தன. நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் வால் முளைத்த மாதிரி தெரிந்தது. விற்றவரிடம் மூன்று முறை பேசியும் பயனில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து இரண்டு மாலைகளில் கண்ணாடியை நேராக்கினேன். வாங்குகிறவர்கள் இப்படிக் கண்ணாடியை நேராக்க உதவும் கொலிமேஷன் மூடி ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அப்புறம் அடித்தளம். அழுத்திய மரத்தூள் பலகை அது. நவம்பர் மழையில் அடிவிளிம்பு உப்பிவிட்டது. விளிம்புகளுக்கு முதல் நாளே வார்னிஷ் அடித்திருந்தால் தப்பியிருக்கும். கூடவே வரும், குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளி பைண்டர் பரவாயில்லை ரகம். 25 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், நன்றாக இருக்கிறது, 48 மடங்கு பெருக்கம். 10 மி.மீ. ஐபீஸை நான் இப்போது தொடுவதே இல்லை.

கண்ணாடிக்கு மட்டும் முழு மதிப்பெண்.

செப்டம்பர், அக்டோபர் முழுக்க மேகம். அதற்குப் பிறகு, டேபி இருக்கும் விண்மீன் கூட்டமான சிக்னஸ், அதாவது அன்னம், மாலையிலேயே மேற்கே இறங்கிவிட்டது. ஏப்ரல் வரை காத்திருந்தேன். அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு, டெலஸ்கோப்பை வேனில் ஏற்றிக்கொண்டு பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு ஜவ்வாது மலை ஏறினேன். காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் இருப்பது அந்த மலையில்தான். எங்கள் வீட்டு மாடியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம் எண்ணினாலே அதிகம். அங்கே வானம் தலைமேல் கொட்டிக் கிடந்தது.

விடியற்காலை நான்கு மணி. வடகிழக்கில் அன்னம் எழுந்து நின்றது. இறக்கையில் இருக்கும் டெல்ட்டா சிக்னி என்ற விண்மீனிலிருந்து மூன்று பாகைக்குச் சற்று மேல் கிழக்கே நகர்ந்தால் என்ஜிசி 6866 என்ற விண்மீன் கொத்து. அங்கிருந்து அரைப் பாகை வடகிழக்கில் நம் ஆள். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். இந்த வகை டெலஸ்கோப்பில் காட்சி தலைகீழாகத் தெரியும். மகள் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் தாளைத் திருப்பிப் பிடித்து, ஐபீஸையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆயிருக்கும். "அப்பா, இந்த முக்கோணத்துக்கு வெளியே இருக்கிறதுதான். அசையாம பாருங்க" என்றாள்.

பார்த்தேன். ஊசி முனையால் கறுப்புத் துணியில் குத்தியது போல ஒரு வெள்ளைப் புள்ளி. நேராகப் பார்த்தால் சற்று மங்கியது. பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் பளிச்சென்று நின்றது. அந்த ஒளி கிளம்பியபோது இங்கே பல்லவர் காலம். என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சரி, அங்கே பேனல் இருக்கிறதா? இல்லை. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பணம் போட்டு, உலகின் பல இடங்களில் இருந்த டெலஸ்கோப்புகளை அந்த விண்மீன் பக்கம் திருப்ப வைத்தார்கள். 2017 மே மாதம் மீண்டும் மங்கத் தொடங்கியது. 2018-இல் முடிவு வந்தது: நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மறைகிறது. கெட்டியான தட்டு என்றால் எல்லா நிறத்தையும் ஒரே அளவு மறைக்கும். நுண்தூசிதான் நீலத்தை அதிகம் பிடிக்கும். கோடையில் புழுதி பறக்கும் மாலையில் சூரியன் சிவந்து தெரிவதும் இந்தக் கணக்குதான்.

ஆனால் கட்ட முடியுமா என்ற கேள்வி அதோடு போய்விடவில்லை. இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1960-இல் சூரியனைச் சுற்றி மூடும் இந்த யோசனையை எழுதியபோது, வியாழனின் நிறையை எடுத்து, பூமியைப் போல இரு மடங்கு தூரத்தில் சூரியனைச் சுற்றிப் பரப்பினால் இரண்டு மூன்று மீட்டர் கனம் வரும் என்று கணக்கிட்டார். ஒரே ஓடாக நிற்காது என்பதையும் அவரே பிறகு தெளிவாக்கினார். தனித்தனியாகச் சுற்றும் கூட்டம்தான் அவர் நினைத்தது. எங்கள் தொழிலில் பேனலைவிட அதைத் தாங்கும் ஸ்ட்ரக்சர்தான் பெரிய தலைவலி. அங்கே ஸ்ட்ரக்சரே வேண்டாம், சுற்றுப்பாதையே தாங்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

எனக்கு இடிக்கிற இடம் வெப்பம். ஏப்ரல் மதியம் மாடியில் பேனல் 65 டிகிரிக்குப் போய்விடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். சூரியனை முழுதாக மூடினால் உள்ளே விழும் சக்தி அத்தனையும் வெளிப்பக்கம் வெப்பமாகப் போயாக வேண்டும். அதை வைத்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். பூமியின் தூரத்தில் மூடினால் தட்டு சுமார் 120 டிகிரி. டைசன் சொன்ன இரு மடங்கு தூரத்தில் 5 டிகிரி, அருமை. ஆனால் அந்தத் தூரத்தில் மூட வேண்டிய பரப்பு இருநூறு கோடி பூமிகளின் மேற்பரப்புக்கும் மேல். வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். அதில் பேனல் செய்ய முடியாது. புதன் கோளைப் பிரித்து எடுக்கலாம் என்கிறார்கள் சிலர். புதன் முழுவதையும் அங்கே பரப்பினால் சதுர மீட்டருக்கு 300 கிராம்கூட வராது. நான் மாட்டும் பேனல் சதுர மீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல். புதனின் சொந்தப் பாதையிலேயே மூடினால் ஏழெட்டு கிலோ கிடைக்கும், ஆனால் வெப்பம் 350 டிகிரியைத் தாண்டும். செல்களை இணைக்கும் ஈயப்பற்றே உருகிவிடும். கிட்டே போனால் வேகும், தள்ளிப் போனால் சரக்கு பற்றாது. பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கும்போது பேனல்களைக் கேடயத்துக்குப் பின்னால் மடக்கி, தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறது. இரண்டே பேனலுக்கு இவ்வளவு பாடு.

அதனால் முழுக் கோளம் நடக்காது என்பது என் தீர்மானம். ஆயிரத்தில் ஒரு பங்கு மூடுவது வேறு கதை. வெப்பம் போக நாலா பக்கமும் வழி இருக்கும், சரக்கும் போதும். அதையே நாம் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். 2024-இல், இப்படிப்பட்ட கட்டுமானங்களைத் தேடும் ஹெஃபைஸ்டோஸ் திட்டத்தினர் ஐம்பது லட்சம் விண்மீன்களைச் சலித்து, அளவுக்கு மீறிய அகச்சிவப்பு வெப்பம் தரும் ஏழு மங்கலான சிவப்பு விண்மீன்களைப் பொறுக்கினார்கள். அவற்றில் மூன்றின் பின்னால் தொலைதூர கேலக்ஸிகள் ஒளிந்திருக்கலாம், அந்த வெப்பம் அவற்றுடையதாக இருக்கலாம் என்று சில மாதங்களிலேயே இன்னொரு குழு காட்டியது. மீதி நான்கை யாராவது விடாமல் பார்க்க வேண்டும்.

டெலஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துக்குள் மாடியில் மட்டும் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் வாங்க வேண்டாம். வண்டியும் இருட்டான இடமும் இருந்தால், இருபது கிலோவுக்கு மேல் தூக்க ஒரு துணையும் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். அன்றைக்கு மகள் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு டேபியின் ஒளிப்பொலிவை 11.8 (எண் கூடினால் மங்கல் என்று பொருள்) என்று நோட்டில் எழுதி, தேதியும் நேரமும் போட்டாள். இந்த செப்டம்பரில் மேகம் விட்டால் அதற்குக் கீழே இரண்டாவது வரி எழுதப் போகிறாள்.