நஜ்டோர்ஃபை விட்டு காரோ-கானுக்கு

செஸ்ஸில் வெள்ளை முதல் நகர்வாகச் சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்தினால், கறுப்பில் மூன்று வருடம் சிசிலியன் தற்காப்பின் ஒரு வகையான நஜ்டோர்ஃப்தான் ஆடினேன். போன வருடம் காரோ-கான் என்ற இன்னொரு தற்காப்புக்கு மாறினேன். ஜெயிக்க சிசிலியன், தோற்காமலிருக்க காரோ-கான் என்பார்கள். ஓரளவு சரிதான். ஆனால் என்னை மாற வைத்தது அதுவல்ல, படித்ததை மறக்காமல் வைத்திருக்கும் பராமரிப்பு.

நஜ்டோர்ஃபில் கறுப்பு ஐந்தாவது நகர்வாக ஏ6 ஆடியதும் வெள்ளைக்கு பிஷப் ஜி5, பிஷப் இ3, பிஷப் சி4, பிஷப் இ2, எஃப்3, எச்3 என்று ஏகப்பட்ட வழிகள். எதிராளி அதில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதும். நான் அத்தனையையும் படித்திருக்க வேண்டும். படித்ததும் ஆறு மாதத்தில் மறந்துவிடும். 1972இல் ரெய்காவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், ஸ்பாஸ்கியுடனான 11ஆவது ஆட்டத்தில், பி2 சிப்பாயைத் தின்னப்போன ஃபிஷரின் ராணியே மாட்டிக்கொண்டது. நஜ்டோர்ஃபைக் கரைத்துக் குடித்தவருக்கே அந்தக் கதி! அதே சிப்பாயை ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் நானும் தின்றேன். 18 நகர்வு வரை அவன் யோசிக்கவே இல்லை. நான் பாதி நேரத்தைத் தீர்த்திருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் ஆடுகிறவனுக்கு இது கட்டுப்படியாகாது.

காரோ-கானில் சி6, டி5, பிறகு பிஷப்பை எஃப்5இல் வெளியே எடுத்துவிட்டு இ6. பெரும்பாலும் இவ்வளவுதான். வரிசை மறந்தாலும் எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்பது நினைவில் நிற்கிறது. இரண்டு மாதம் போர்டைத் தொடாமல் போய் உட்கார்ந்தும் சமாளித்திருக்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நான்காவது நகர்வில் குதிரையை டி7இல் வைத்து ஆடும் வகையில், வெள்ளை ராணியை இ2க்குக் கொண்டுவரும்போது அசந்து மற்ற குதிரையை எஃப்6க்கு எடுத்தால் ஆறாவது நகர்விலேயே மேட், ஆட்டம் முடிந்தது. 1997இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியிடம் காஸ்பரோவ் 19 நகர்வில் தோற்ற கடைசி ஆட்டமும் இந்த வகைதான். எச்6 ஆடினார், இயந்திரம் இ6இல் குதிரையைப் பலி கொடுத்தது. அதனால்தான் நான் பிஷப் எஃப்5 பக்கமே நிற்கிறேன்.

வெள்ளை மூன்றாவது நகர்வில் எஃப்3 ஆடும் வகையை நான் இரண்டே முறைதான் சந்தித்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. அப்புறம், கறுப்பில் கட்டாயம் ஜெயித்தாக வேண்டிய கடைசிச் சுற்று. அது ஒரே ஒரு முறை வந்தது. எதிராளி டி5இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். 31 நகர்வில் டிரா, பரிசு அரைப் புள்ளியில் போச்சு. அன்று மட்டும் நஜ்டோர்ஃப் ஞாபகம் வந்தது.