பழைய காரின் ஸ்டியரிங்குக்குத் தோல் உறை: மாட்டுவதா, கோர்ப்பதா, ஒட்டுவதா, தைப்பதா?

தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் குரோம் பூச்சுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறார்கள். ஸ்டியரிங் என்று வந்தால் மட்டும் கடையில் தொங்குகிற ஏதோ ஒரு கவரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். வண்டி ஓடும் நேரமெல்லாம் கை படுகிற இடம் அது ஒன்றுதான். பவர் ஸ்டியரிங் இல்லாத இந்த வண்டிகளை மின்ட் தெருவிலோ பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலோ திருப்பும்போது பாரம் முழுக்க உள்ளங்கையில்தான் இறங்கும். அந்த நேரத்தில் உறை அரை அங்குலம் நழுவினாலும் போதும், வண்டி நாம் நினைத்த இடத்துக்கு வராது.

முதலில் ஒரு டேப்பையும் நூலையும் எடுத்து அளந்துவிடுங்கள். இப்போதைய கார்களின் ஸ்டியரிங் பெரும்பாலும் 37, 38 செ.மீ. விட்டம். அம்பாசிடரின் சக்கரம் 40 செ.மீ. தாண்டும். ஆனால் வளையம் ஒல்லி. உங்களுடையது 42 செ.மீ. விட்டம், வளையத்தின் தடிமன் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுற்று 132 செ.மீ. வருகிறது, வளையத்தின் குறுக்குச் சுற்று 6.3 செ.மீ. வருகிறது. புதுக் காரில் 38 செ.மீ. விட்டமும் 3 செ.மீ. தடிமனும் இருந்தால் இதே கணக்கு 119, 9.4 என்று ஆகும். புதுக் காருக்கு வெட்டிய உறை பழைய சக்கரத்துக்கு நீளத்தில் 13 செ.மீ. பற்றாது, அகலத்தில் 3 செ.மீ. தொங்கும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

மாட்டும் கவர்

உள்ளே ரப்பர் வளையம் வைத்து, அப்படியே இழுத்து மாட்டும் ரகம். விலை குறைவு, ஐந்து நிமிட வேலை. 'லெதர்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் பியு (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) பூசிய துணிதான். ஒல்லி வளையத்தில் இது பிடித்து நிற்காது, சுழலும். பழைய சக்கரங்கள் பலவற்றில் விரல் பதிய அடிப்பக்கம் மேடு பள்ளமாக வார்த்திருப்பார்கள். அந்தப் பள்ளங்களுக்கு மேல் உறை காற்றில் நிற்கும். தடித்த ரப்பர், ஹாரன் அடிக்க ஸ்டியரிங்குக்குள் வைத்திருக்கும் உலோக வளையமான ஹாரன் ரிங்கில் போய் முட்டவும் செய்யும். பெரிய அளவு என்று கேட்டு வாங்கினாலும் தடிமன் சிக்கல் தீராது. பழைய வண்டிக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

துறைமுக லாரிகளில் வண்ண வண்ண பிளாஸ்டிக் வயரால் ஸ்டியரிங்கைப் பின்னியிருப்பார்களே, அது இதைவிட எவ்வளவோ மேல். நெருக்கமாகப் பின்னினால் துளியும் நழுவாது. வியர்வைக் கையில் வழுக்கும் என்பதும், பத்மினிக்கு அந்தத் தோற்றம் ஒட்டாது என்பதும்தான் குறை. தோல் பேச்சுக்குள் அதை நான் இழுக்கவில்லை, மரியாதைக்காகச் சொல்லி வைத்தேன்.

கோர்க்கும் கவர்

ஓரத்தில் துளையிட்ட தோல் பட்டை, கூடவே ஊசியும் நூலும். சக்கரத்தைச் சுற்றிப் போட்டு உள்பக்கமாக ஷூ லேஸ் போலக் கோர்த்து இழுக்க வேண்டும். இதில் நழுவல் இல்லை. பசை கிடையாது, வேண்டாமென்றால் நூலை அறுத்துக் கழற்றிவிடலாம், அடியில் உள்ள அசல் வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. பழைய வண்டிக்கு இது பெரிய குணம்.

சிக்கல் அளவில்தான். கடையில் கிடைக்கும் ரகங்கள் புதுக் கார் அளவுக்குத் துளையிட்டவை. அகலம் கூடுதலான பட்டையைக் கோர்த்தால் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்பக்கம் தடித்த தழும்பாக நிற்கும். விரல் மடங்கும் இடத்திலேயே அது உறுத்தும். விட்டமும் தடிமனும் சொல்லி வெட்டித் தருகிறவர்களிடம் வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை. அப்படிக் கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம்.

ஒட்டித் தைப்பது

சீட் கவர்க் கடைகளில் செய்வது இது. வளையத்தை மணல் காகிதத்தால் தேய்த்து, ரப்பர் பசை பூசி, தோலை ஒட்டி, அப்புறம் தைப்பார்கள். முதல் நாள் பார்க்க இதைப்போல் எதுவும் இருக்காது. சுருக்கமே தெரியாது. ஆனாலும் நான் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

காரணம் அடியில் இருப்பது. பழைய ஸ்டியரிங் என்பது எஃகுக் கம்பி வளையத்தின் மேல் வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலில் வெந்து வெந்து ஸ்போக் சேரும் இடங்களில் முதலில் விரிசல் விடும். அதைத் தேய்த்து, பசை ஊற்றி மூடிவிட்டால் பிற்காலத்தில் உறையை எடுக்கும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் சேர்ந்து பெயர்ந்து வரும். யானைத் தந்த நிறத்தில் அசல் சக்கரம் உள்ள ஹெரால்டுக்கு இதைச் செய்வது அநியாயம். அந்தச் சக்கரம் போனால் அதே போல இன்னொன்று தேடிப் பிடிப்பது லேசில்லை. மூடி நிறுத்திய காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகி, தையல் ஓரமாகக் கசிந்து கையில் பிசுபிசுப்பதும் உண்டு.

அளந்து, வெட்டி, பசையின்றித் தைப்பது

என் தேர்வு இதுதான். கோர்க்கும் கவரின் குணம் முழுக்க இதில் இருக்கிறது, அளவுச் சிக்கல் மட்டும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சீட் தைக்கும் ஒரு பெரியவரிடம் "பசை இல்லாம நிக்குமா அண்ணே?" என்று கேட்டதற்கு, "தோல கொஞ்சம் கம்மியா வெட்டு தம்பி, இய்த்துத் தை. அது எங்க பூடும்?" என்றார். முழு வித்தையும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

எவ்வளவு கம்மி என்பதுதான் கேள்வி. நம் 42 செ.மீ. சக்கரத்தின் வெளிச்சுற்று 132 என்றால், உள்விட்டம் 38, உள்சுற்று 119 செ.மீ. பட்டையின் நடுப்பகுதி வெளிச்சுற்றிலும், தையல் வரும் இரு ஓரங்களும் உள்சுற்றிலும் உட்கார வேண்டும். 132-க்கே வெட்டினால் ஓரத்தில் 13 செ.மீ. தோல் மிஞ்சி, உள்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். அதனால் 126, 127 செ.மீ. அளவில் வெட்டி, நடுப்பகுதியை இழுத்து நீட்ட வேண்டும். தோல் இந்த இழுப்புக்கு இணங்கும். நெய்த துணியின் மேல் பூசிய ரெக்சின் இணங்காது. ரெக்சின் உறையில் சுருக்கம் போகவே போகாததற்கு இதுதான் காரணம்.

அகலத்துக்கு ஒரு வழி. வளையத்தின் ஒரு பகுதியில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே காகித டேப் ஒட்டி, உள்பக்கம் பிளேடால் கீறி எடுத்து விரித்தால் அச்சு கிடைக்கும். அதில் ஒவ்வொரு ஓரத்திலும் 2, 3 மி.மீ. குறைத்துவிடுங்கள். தைக்கும் முன் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளியோடு நிற்க வேண்டும். நூலை இழுக்கும்போதுதான் சேர வேண்டும்.

தைப்பதற்கு முன் விரிசல்களை எபாக்சி மக்கால் (புட்டி) அடைத்துத் தேய்த்துவிடுவது கட்டாயம். விரிசலோடு மூடினால் கடற்காற்றின் ஈரம் உள்ளே போய் எஃகு துருவேறும், துரு வீங்கி விரிசலை இன்னும் அகட்டும். ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. பல வருஷமாக இறுகிக் கிடக்கும் நடு நட்டைக் கழற்றி, சக்கரத்தைச் சுத்தியால் தட்டி எடுக்கப் போய்த் தண்டையே கெடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியிலேயே உட்கார்ந்து தைக்கலாம். ஹாரன் ஒயரைக் கழற்றி வைத்தால் தெருவுக்குத் தொந்தரவில்லை.

ஸ்போக் வரும் இடம்தான் வேலைக்காரரின் கையைக் காட்டும். அங்கே பட்டையில் ஸ்போக்கின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறுகலாக வெட்டுக் கொடுத்து, வெட்டின் மூலையில் சின்ன வட்டத் துளை போட வேண்டும். கூர்மூலையாக விட்டால் இழுக்கும்போது அங்கிருந்துதான் கிழியும். வெட்டிய ஓரத்தைச் சீவி மெலிதாக்கி உள்ளே மடித்தால் ஸ்போக்கோடு ஒட்டி உட்காரும். தையலை ஒரு ஸ்போக்கில் தொடங்கி அடுத்த ஸ்போக்கில் முடித்து முடிச்சுப் போடுங்கள். ஒரே நூலில் முழு வட்டமும் தைத்தால், ஓரிடத்தில் அறுந்ததும் எல்லாம் தளரும்.

நூல், மெழுகேற்றிய பாலியஸ்டர் 0.8 மி.மீ. பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். துளைகளைக் குத்தூசியால் ஒரே இடைவெளியில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். இரு ஓரத்திலும் துளைகளின் எண்ணிக்கை சமமாக இல்லையென்றால் தையல் முறுக்கிக்கொண்டு போகும்.

தோல் எது?

இந்த விஷயத்தில் வட சென்னைக்காரர்களுக்குப் பெரிய வசதி, பெரியமேடு பக்கத்திலேயே இருப்பது. தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பேட்டை அது. சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். தடிமன் மில்லிமீட்டரில் சொல்லிக் கேளுங்கள். "பாய், ஒரு மில்லி ஆட்டுத் தோல், ஸ்டியரிங்குக்கு" என்றால், விவரம் தெரிந்தவர் "முதுகுப் பக்கமா வெட்டிக்கோங்க, வயிறு நீண்டுடும்" என்பார். அது உண்மை. வயிற்றுப் பகுதி நார் தளர்வானது, சில மாதத்தில் தொளதொளக்கும்.

ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா? வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது, மேல்பக்கச் சொரசொரப்பு பிடிமானம் தரும். ஆனால் ஒரு தோலில் 127 செ.மீ. நீளப் பட்டை கிடைக்காது. இரண்டு, மூன்று துண்டாக வெட்டி, இணைப்பு ஸ்போக்குக்கு நேரே வரும்படி வைக்க வேண்டும். மாட்டுத் தோலில் ஒரே பட்டையாக வெட்டலாம், இணைப்பே இருக்காது. ஆனால் அதை 1 மி.மீ. வரை சீவி மெலிதாக்கினால் பலம் குறைந்துவிடும், 1.4-க்கு விட்டால் ஒல்லி வளையத்தில் மடங்காது. நான் ஆட்டுத் தோல் பக்கம். செம்மறி நப்பா என்கிற மென்மையான செம்மறியாட்டுத் தோல் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் தையல் துளையிலேயே கிழியும். மேல்தோல் நீக்கிய ஸ்ப்ளிட் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, பதனிட்ட முறை. ஆவாரம்பட்டையில் பதனிடும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம் ஊர்ச் சொத்து. மதராஸிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றியது, 2008-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆவாரம் பதம் வெளிச்சத்தில் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாறு கொடுத்து நிறத்தை நிறுத்துவார்கள். அந்த வாசனையும் தேன் நிறமும் எனக்கு உயிர். பை, பெல்ட் என்றால் வேறெதையும் தொட மாட்டேன். இருந்தாலும் ஸ்டியரிங்குக்கு, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலைத்தான் சொல்வேன். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். பட்டை பதனிட்ட தோலில் துருவும் ஈரமும் பட்டால் நடப்பதும் அதே வேதியியல்தான். பழைய ஹாரன் ரிங்கின் துருவும் கை வியர்வையும் சேர்ந்தால் தேன் நிறத்தில் கருநீலத் திட்டு விழும், கழுவினால் போகாது. குரோம் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சூட்டையும் அதிகம் தாங்கும், நல்ல குரோம் பதமா என்று பார்க்கக் கொதிநீரில் போட்டுச் சோதிப்பதே வழக்கம். தினம் ஓட்டாத, நிழலில் நிற்கும், ஹாரன் ரிங்கில் துருவே இல்லாத வண்டி என்றால் ஈ.ஐ. தோலை ஆசையோடு போட்டுக்கொள்ளலாம்.

எதுவும் போடாமல் விட வேண்டிய சக்கரமும் உண்டு. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டி அனுப்பிய ஆஸ்டின் ஏ40 போன்ற ஒன்று, விரிசலில்லாத அசல் ஸ்டியரிங்கோடு உங்கள் வீட்டில் நின்றால் அதை மூடாதீர்கள். அந்த நிறுவனம் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. அந்த வண்டியை அசலாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் தேவையென்றால் பசையில்லாத உறையைப் போட்டுக் கழற்றலாம்.

தைத்தபின் முதல் சில வாரம் தோல் கொஞ்சம் நீளும். அதனால் தையல் முடிச்சின் வால் நூலை ஒட்ட வெட்டாமல் உள்ளே செருகி வையுங்கள், மறுபடி இழுத்துக் கட்ட உதவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மூடிய காருக்குள் தோல் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, கண்ணாடியை இறக்கிக் காற்றாட விட்டால் போதும். தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், சிக்குப் பிடித்து வழுக்கும். பளபளக்கும் சிலிக்கான் பாலிஷும் அப்படித்தான். வெட்டியது போக மிஞ்சிய தோலைத் தூக்கிப் போடாமல், வெளிச்சம் படாமல் சுருட்டி வையுங்கள். இரண்டு மணி, பத்து மணி நிலையில் கை பிடிக்கும் இடம்தான் முதலில் தேயும். அந்தத் துண்டை மட்டும் மாற்ற அதே தோல் வேண்டியிருக்கும், அடுத்த முறை பெரியமேட்டில் வாங்கும் கருப்பு இதே கருப்பாக இருக்காது.