பூங்காவில் கட்டணமில்லா இயற்கை வகுப்பு: நான்கு வார அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டருகேயுள்ள பூங்காவில், வீட்டுக்கல்வி பெறும் பிள்ளைகளுக்காகப் புதன்கிழமை காலைகளில் நடைபெறும் இலவச இயற்கை வகுப்புக்கு என் மகளை நான்கு வாரங்களாக அழைத்துச் செல்கிறேன். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக உள்ள நாட்டில், கல்வியமைச்சின் விலக்குப் பெற்று வீட்டில் கற்பிக்கும் எங்களைப் போன்றோருக்கு, பிள்ளைகள் மற்றவர்களோடு கூடிப் பழகும் இடம் கிடைப்பதே அரிது.

மூன்றாம் வார வகுப்பு மிகச் சிறப்பாக அமைந்தது. வழிநடத்துநர் சோம்பு மணம் வீசிய செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆண் பூக்கதிர் ஒன்றை வெள்ளைத் துணியின்மேல் தட்டியதும், எள்ளளவே இருந்த வண்டுகள் பொலபொலவென உதிர்ந்தன. ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து 1981இல் கொண்டுவரப்பட்ட இவ்வண்டுகள் மகரந்தத்தைச் சுமக்கத் தொடங்கிய பிறகே, தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவும் வேலை ஒழிந்தது என்று அவர் விளக்கினார். தோட்டத்தில் அவ்வேலையைச் செய்த என் தாயார், “எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது இதுதானா?” என்று துணியருகே குனிந்து பார்த்துச் சிரித்தார்.

பறவை நோக்கல் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. இருபது பிள்ளைகளின் கூச்சலில் மைனாக்கள் மட்டுமே மிஞ்சின. முதல் வாரம் மழையால் வகுப்பு ரத்தானதை முன்கூட்டியே தெரிவிக்காததும், கழிப்பறை பூட்டியே கிடப்பதும் உண்மையான குறைகள். நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு மணி நேரம் அதிகம்; ஏழு வயதுக்கு மேற்பட்டோரைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம், முழுக்கால் சட்டையோடு.