தனியார் ஒதுக்கீடா, உரிமைப் பங்கா?

பட்டியலிடப்பட்ட கம்பெனிக்குப் புது மூலதனம் வேண்டும். தேர்ந்தெடுத்த சில முதலீட்டாளர்களுக்கு மட்டும் பங்கு ஒதுக்கலாம், இது தனியார் ஒதுக்கீடு; அல்லது இருக்கும் பங்குதாரர்கள் எல்லாருக்கும், அவரவர் கையில் உள்ள பங்குக்கு ஏற்பப் புதுப் பங்கு வாங்கும் உரிமையைத் தரலாம், இது உரிமைப் பங்கு.

வேகத்தில் தனியார் ஒதுக்கீடுதான் முன்னால் நிற்கும். 2008 செப்டம்பரில், நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற வாரன் பஃபெட்டின் முதலீட்டுக் கம்பெனியிடம் 500 கோடி டாலர் திரட்டியது. விலையும் சும்மா இல்லை: 10% ஈவுத்தொகை தரும் முன்னுரிமைப் பங்குகள், கூடவே சாதாரணப் பங்குகளைக் குறித்த விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையான வாரண்டுகள். அந்த நேரத்தில் உரிமைப் பங்கு என்று வாரக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

ஆனால் சிறு பங்குதாரரின் கணக்கு வேறு. சந்தை விலை 100 ரூபாய், நான்கு பழைய பங்குக்கு ஒரு புதுப் பங்கு, அதன் விலை 80 என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுக்குப் பின் கணக்குப்படி விலை 96. தனியார் ஒதுக்கீட்டில் பழைய பங்குக்கு 4 நஷ்டம். 10% வைத்திருந்தவர் 8%-க்கு இறங்குகிறார். உரிமைப் பங்கிலும் விலை அதே 96தான். ஆனால் 80-க்கு வாங்கிய புதுப் பங்கில் கிடைக்கும் 16, நான்கு பழைய பங்கின் நஷ்டத்தை அப்படியே ஈடுகட்டிவிடும். வாங்கக் காசில்லாதவர், உரிமையை இன்னொருவருக்கு மாற்ற அனுமதி இருந்தால், அதை விற்றுக்கொள்ளலாம்.

அவசரமில்லாத கம்பெனி தள்ளுபடி விலையில் வேண்டியவர்களுக்கு மட்டும் ஒதுக்கினால் நான் அதை ஏற்கமாட்டேன். ஒதுக்கிய பங்கை விற்கக் கூடாத தடைக்காலம் முடிந்ததும் அவர்கள் லாபத்தோடு வெளியேறலாம். சிறு பங்குதாரரிடம் மிஞ்சுவது சுருங்கிய பங்கு.